சித்தியின் மனைவியை எப்படிக் கூப்பிடுவது?

போன கிழமை பின்னேரம் சின்னவனை விறாந்தையில் இருத்தி வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வரைக்கும் தடங்கலில்லாமல் சொன்னவன் ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டான், முதல் வரியைத் தாண்ட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. என்னடா என்று கேட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளையை எல்லாரும் ‘ஒன்பது’ என்றுதான் கூப்பிடுவார்களாம். அவன் நடக்கிறது பெண்பிள்ளை நடக்கிற மாதிரியாம், கலைவிழாவில் கும்மிக்கு ஆள் காணாது என்று அவனையும் சேர்த்து ஆடவிட்ட நாளிலிருந்து இந்தப் பெயராம்.

“அவனுக்குக் கோபம் வராதோ?” என்றேன்.

“இல்லை அம்மா, அவனும் சிரிப்பான்.”

அந்த ‘அவனும் சிரிப்பான்’தான் என்னை இதை எழுத வைத்தது. தன்னைக் குத்துகிற சொல்லுக்குத் தானும் சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்ட ஒரு சின்னப் பிள்ளை எங்கள் ஊரில் இருக்கிறான், அந்தச் சொல்லை என் மகனும் சொல்லியிருக்கிறான், நான் பெற்று வளர்க்கிற பிள்ளை. அன்றைக்கு வாய்ப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவனோடு கதைத்தேன். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்: உன் பெயரை ஒருவரும் சொல்லாமல் வருஷம் முழுக்க ஒரு இலக்கத்தால் கூப்பிட்டால் நீ என்ன செய்வாய்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நானும் சிரிப்பன், இல்லாட்டி இன்னும் கூடச் சொல்லுவாங்கள்” என்றான். அவனுக்கு எல்லாமே விளங்கித்தான் இருக்கிறது.

இந்தக் கதையை எடுத்தால் எங்கள் பக்கத்தில் உடனே ஒரு பதில் வரும். வன்னியில் இருக்கிற பிரச்சினைகளுக்குள் இதுவும் ஒரு பிரச்சினையோ, காணி விடவில்லை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகத் தாய்மார் இன்னும் தெருவில் இருக்கிறார்கள், நுண்கடன்காரன் படலையில் வந்து நிற்கிறான், இதற்குள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று. அந்தப் பிரச்சினைகளில் பாதி என் வீட்டிலும் இருக்கிறது. அதற்காக வகுப்பில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்று என்னால் விட முடியாது. அப்புறம் இன்னொன்று, ‘சின்னப் பிள்ளைகளுக்கு இது எதற்கு’ என்று கேட்கிறவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வசைச்சொல் மட்டும் ஏற்கெனவே தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கெட்ட சொல்லை ஊர் படிப்பித்துவிட்டது, நல்ல சொல்லைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும்.

எனக்கே அது பிந்தித்தான் விளங்கியது. இரண்டு வருஷத்துக்கு முதல் மூத்தவளோடு வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முறிகண்டியில் வழக்கம்போல பஸ் நின்றது, சனம் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றது. அங்கே சேலை உடுத்து, பூ வைத்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர் கச்சான் வாங்கிக்கொண்டிருந்தார். என் மகள் என் சேலையை இழுத்து, சுற்றி நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அம்மா, அது ஆம்பிளையோ பொம்பிளையோ?” என்று கேட்டாள். அவருக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்துவிட்டு, கச்சான் சரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினார். ஏறியும் இருக்கவில்லை, பின்பக்கம் இடம் இருந்தும் கிளிநொச்சி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். நான் மகளின் வாயைப் பொத்தினேன், அவ்வளவுதான் செய்தேன். எழும்பிப் போய் ‘குறை நினைக்காதையுங்கோ’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வழியால் போகும்போது அது நெஞ்சில் குத்துகிறது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், மகளின் கேள்வியை விட அவள் வாயில் வந்த ‘அது’ என்ற சொல் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆணோ பெண்ணோ என்று பிள்ளை தெரியாமல் கேட்கலாம், தெரியாததைத்தானே கேட்பார்கள். ஆனால் ‘அது’ என்று சொல்ல அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான். என் அம்மாதான். பக்கத்து வளவுக்காரர்கள்தான். ‘அது போகுது பார்’ என்று நாங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்போம்! பச்சைப்பிள்ளையையும் நாங்கள் ‘அது’ என்போம், ‘பிள்ளை நித்திரை கொள்ளுது’ என்போம், அது செல்லம், அதில் ஒரு குறையும் இல்லை. வளர்ந்த ஒரு மனுசியை ‘அது’ என்றால் அவரை ஆட்களின் கூட்டத்திலிருந்து எடுத்து ஆடு மாடு, கதிரை மேசையோடு வைப்பதாகத்தான் ஆகும்.

அந்த நாட்களில் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் திணை, பால் நடந்துகொண்டிருந்தது. உயர்தரத்தில் தமிழ் படித்தவள் என்பதால் நானே சொல்லிக்கொடுப்பேன். தொல்காப்பியத்தில், சொல்லதிகாரம் தொடங்கிய உடனேயே, ‘பெண்மை சுட்டிய உயர்திணை மருங்கின் ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவியும்’ என்று ஒரு நூற்பா வருகிறது. பள்ளிக்கூடக் காலத்தில் அதைப் பாடமாக்கிச் சொன்னேனே தவிர, யாரைப் பற்றிச் சொல்கிறது என்று நினைத்தே பார்த்ததில்லை. ஆணாகப் பிறந்து பெண்மை கொண்டவர்களைக் குறிக்கிற பெயரைப் பற்றித்தான் சொல்கிறது. அப்படிப்பட்ட பெயருக்கென்று தனியாக ஒரு விகுதி கிடையாது, உயர்திணையின் விகுதியோடுதான் வரும் என்கிறது. அதே நூற்பாவின் அடுத்த வரியில் அவர்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருப்பது யார் தெரியுமா? தெய்வம். தெய்வத்தின் பெயருக்கும் அதே விதிதான். மகளுக்குக் காட்டினேன், விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தாள். பிறகு வந்த நன்னூல் இப்படிப்பட்டவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று இடம் கொடுத்துவிட்டது, அதையும் அவளுக்கு மறைக்கவில்லை, நாளைக்கு அவளே கண்டுபிடித்து வந்து கேட்பாள். இரண்டு நூலும் தமிழ்தான். எதை எடுப்பது என்பது எங்கள் கையில் இருக்கிறது, எங்கள் வீட்டில் முதலாவதை எடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் வளவுக்குள் ஒருவரும் ஒருவரையும் ‘அது’ என்று சொல்வதில்லை. அவர்கள் தங்களை எப்படிச் சொல்கிறார்களோ அப்படி. தெரியாவிட்டால் ‘அவர்’. தமிழில் ‘அவர்’ என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது, ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், மரியாதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

திருநங்கை என்ற சொல்லையும் சொல்லிக்கொடுத்தேன், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவரைச் சொல்கிற திருநம்பியையும். தமிழ்நாட்டில் 2008இல் அரசு திருநங்கைகளுக்கென்று நலவாரியம் அமைத்த காலத்தோடு அந்தச் சொல் பரவி எங்கள் பக்கமும் வந்தது. இவர்களையும் தன்பாலை விரும்புகிறவர்களையும் எல்லாரையும் சேர்த்துச் சொல்லப் ‘பால்புதுமையினர்’ என்று இப்போது எழுதுகிறார்கள், எல்.ஜி.பி.ரி.கியூ. என்று எழுத்து எழுத்தாகச் சொல்வதை விடப் பிள்ளைகளுக்கு அது இலகுவாக வாயில் வந்தது.

சின்னவனுக்குக் கொடியில்தான் ஆர்வம். மூத்தவளின் போனில் பால்புதுமையினரின் வானவில் கொடியைப் பார்த்துவிட்டு, “வானவில்லில் ஏழு நிறம் எண்டு ரீச்சர் சொன்னவா, இதில் ஏன் ஆறு?” என்று கேட்டான். நல்ல கேள்வி, எனக்கும் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞர் முதல் கொடியைச் செய்தபோது அதில் எட்டு நிறம் இருந்தது, கூட்டாளிகளோடு சேர்ந்து கையாலேயே சாயம் தோய்த்துத் தைத்தார்கள். பிறகு நிறையக் கொடி செய்யப் போனபோது அந்த இளஞ்சிவப்பில் துணி கிடைக்காமல் அதை விட்டார்கள், அதன் பின் இன்னொன்றும் போய் ஆறாக நின்றுவிட்டது. துணி கிடைக்கவில்லை என்ற காரணம் சின்னவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. அவன் எட்டு நிறத்திலும் ஒரு கொடி கீறிக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்.

அதைப் பார்த்து என் அம்மா, பிள்ளைகளின் அம்மம்மா, “இதிலை என்ன பெருமை கிடக்கு?” என்று கேட்டா. பிரைட் என்பதை நான் பெருமை என்று தமிழில் சொல்லியிருந்தேன், அந்தச் சொல் அவவுக்கு உறுத்தியது. 1969 ஜூன் 28ஆம் திகதி விடியப்புறம் நியூயோர்க்கில் பால்புதுமையினர் கூடுகிற ஸ்டோன்வோல் என்ற மதுவிடுதிக்குள் பொலிஸ் புகுந்த கதையைச் சொன்னேன். அடையாள அட்டையைக் கேட்டு, ஆட்களைப் பிரித்து, பெண் உடுப்பில் நின்றவர்களைத் தனியாகக் கொண்டுபோய்ச் சோதித்து, வண்டியில் ஏற்றினார்கள். அது அங்கே புதிதில்லை, ஆனால் அன்றைக்குச் சனம் கலைந்து போகாமல் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் அதே நாளை நினைத்துத் தெருவில் ஊர்வலம் போனார்கள், அதிலிருந்துதான் ஜூன் மாதம் பிரைட் மாதமாக வந்தது. அம்மாவுக்கு நியூயோர்க் தெரியாது. சுற்றிவளைப்புத் தெரியும். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கிறதும், ஒருவர் பார்க்கிற பார்வையில் மற்றவரின் தலைவிதி தீர்மானிக்கப்படுகிறதும் தெரியும். “உப்பிடியே பிடிச்சவங்கள்?” என்று கேட்டா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கொடியைக் கழற்றச் சொல்லவுமில்லை.

கொழும்பில் 2005இலிருந்து பிரைட் நடக்கிறது. யாழ்ப்பாணத் தெருவிலும் அண்மைய வருஷங்களில் ஜூன் மாதம் வானவில் கொடியோடு ஊர்வலம் போயிருக்கிறார்கள், நல்லூரையும் நூலகத்தையும் தெரிந்த எங்கள் சனம்தான். அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் மூத்தவள், “அப்ப இது வெளிநாட்டுக் கதை இல்லை” என்றாள்.

சட்டத்தை அவளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் இங்கே இது வெறும் பழக்க வழக்கம் மட்டும் இல்லை. 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவை இன்னும் எங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. அதன் 365ஆம் பிரிவுக்குப் பத்து வருஷம் வரை மறியல், 365அ பிரிவுக்கு இரண்டு வருஷம் வரை. ஒரே பாலைச் சேர்ந்த வளர்ந்த இரண்டு பேர் தங்கள் விருப்பத்தோடு உறவு வைத்தாலும் குற்றம். முதலில் ஆண்களுக்கு மட்டும் இருந்த 365அ பிரிவுக்குள் 1995இல் பெண்களையும் கொண்டுவந்தார்கள். எழுதிய இங்கிலாந்துக்காரன் தன் நாட்டில் 1967இலேயே தளர்த்தத் தொடங்கிவிட்டான், இந்தியாவில் 2018 செப்டெம்பரில் உச்சநீதிமன்றம் அப்படிப்பட்ட பிரிவை வெட்டிவிட்டது. எங்கள் நாட்டிலும் இதை மாற்ற ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் இதை எழுதும்வரை பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. இன்னொரு பக்கம், 2016இல் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கையின்படி மருத்துவரிடம் பாலினத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் எடுத்துப் பிறப்புச் சான்றிதழில் மாற்றம் செய்ய வழி இருக்கிறது. ஒரு கையால் அடையாளம் கொடுத்துவிட்டு மறு கையால் பயம் காட்டுகிற நாடு என்று மகளுக்குச் சொன்னேன். இதனாலேயே வீட்டில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது: யாராவது நம்பித் தங்களைப் பற்றிச் சொன்னால் அதை வெளியில் கொண்டுபோகக் கூடாது, கூட்டாளிக்கும் சொல்லக் கூடாது. எங்களுடையது சின்ன ஊர். சந்தியில் ஒரு வாயிலிருந்து விழுந்த கதை விடிய முன்னம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். என் பெரியம்மாவின் மகள் சின்ன வயதிலேயே கனடா போனவள், எனக்குத் தங்கச்சி, பிள்ளைகளுக்குச் சித்தி. போன கோடையில் அவள் ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்தாள். கனடாவில் 2005இலிருந்து அது சட்டப்படி செல்லும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்ததும் இரண்டு நாள் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை, வழமையாகக் காலை வணக்கம் மட்டும் இருபது வரும். மூன்றாம் நாள் அவள் என்னைக் காணொளியில் எடுத்தாள். அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. பிள்ளைகள் இரண்டு பேரும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு சேலைக் கரையைப் பார்த்தார்கள், கேக் எத்தனை தட்டு என்று கேட்டார்கள். அப்போது சின்னவன் கேட்டான், “சித்தி, இவாவை நான் என்னெண்டு கூப்பிடுறது?”

ஏன் பெண்ணைக் கட்டினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆட்களைத் தெரியவருவதே முறையால்தான். மாமாவா, பெரியப்பாவா, மச்சாளா என்று ஒரு சொல் கிடைத்துவிட்டால் அந்த ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். சித்தியின் புருஷன் சித்தப்பா, அது தெரியும். சித்தியின் மனைவி? தங்கச்சிக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தமிழில் இதற்கு ஒரு முறை இன்னும் பிறக்கவில்லை. மூத்தவள்தான் தீர்த்தாள்: “ரெண்டு பேரும் சித்திதான், ஒராள் சின்னச்சித்தி, ஒராள் கனடாச்சித்தி.” அந்தப் பெண் தமிழ் இல்லை, ஆனாலும் என்ன நடக்கிறதென்று விளங்கியிருக்க வேண்டும், ‘சின்னச்சித்தி’ என்று ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். என் தங்கச்சி அழுதாள்.

இவருக்கு, பிள்ளைகளின் அப்பாவுக்கு, இது இலகுவாக இருக்கவில்லை. கோபப்படவில்லை, ஆனால் ஏற்கவும் முடியவில்லை. அவருக்கு நான் ஒரு நீதிபதியின் கதையைச் சொன்னேன். 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைப் பற்றித் தனக்குப் போதிய விளக்கம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் இருந்து கேட்டுப் படித்துவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். இவர்களை ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லிச் சிகிச்சை செய்வதையும் தடுத்தார். நீதிபதி ஒருவரே தெரியாது என்று சொல்லியிருக்கிறார் என்பது இவருக்குப் பட்டது. “எனக்கும் நேரம் வேணும். ஆனா பிள்ளையளுக்கு முன்னாலை அந்தச் சொல்லு என்ரை வாயாலை வராது” என்றார். அதற்குமேல் நான் அன்றைக்குக் கேட்கவில்லை. நோய் என்று யாராவது சொன்னால் இப்போது அவரே பதில் சொல்கிறார், தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று.

ஒரு நாள் வயலுக்குச் சோறு கொண்டுபோய்விட்டு வரும் வழியில், வாய்க்கால் கட்டில் வைத்து, பிள்ளைகள் இரண்டு பேரிடமும் நேராகவே சொன்னேன். நாளைக்கு நீங்கள் யாரை விரும்பினாலும், உங்களை நீங்கள் ஆணாகவோ பெண்ணாகவோ வேறு விதமாகவோ உணர்ந்தாலும், அதை முதலில் எனக்குச் சொல்லலாம், அதற்காக இந்த வீட்டில் ஒருவருக்கும் கதவு பூட்டப்படாது. சின்னவன் வாய்க்காலுக்குள் மீன் பார்த்துக்கொண்டு ‘ஓம்’ என்றான். மூத்தவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதற்காகப் பிடித்தாள் என்று நான் கேட்கவில்லை.

மே 17 பால்புதுமையினருக்கு எதிரான வெறுப்பைக் கண்டிக்கிற நாள் என்று உலகம் முழுக்க நினைவுகூருகிறார்கள். எங்களுக்கு அடுத்த நாள் பதினெட்டு. இந்த வருஷம் முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு அடுப்பு மூட்டி, அரிசியும் உப்பும் தண்ணீரும்தான், அம்மா கிண்டிக்கொண்டிருந்தா. மூத்தவள் பக்கத்தில் இருந்தாள். ஒருவரும் கேட்காமலே அம்மா ஒரு ஆளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. 2009இல் மாத்தளன் பக்கம் எங்கள் தரப்பாளுக்கு அருகில் ஒருவர் தனியாக இருந்தார். பெண்ணைப் போலக் கதைப்பார், கொண்டை கட்டுவார், அதனாலேயே அவரோடு ஒருவரும் சேர மாட்டார்கள். எங்களுக்குப் பங்கர் வெட்டித் தந்தவர் அவர்தான். ஷெல் விழுகிற நேரத்தில் கஞ்சி வரிசையில் போய் நின்று எங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தவர். பிறகு செட்டிகுளம் முகாமிலும் கண்டோம். குளிக்கப் போனால் ஆண்களின் பக்கம் கல்லெறிவார்கள், பெண்கள் பக்கம் விடமாட்டார்கள், சாமத்தில் எல்லாரும் நித்திரையான பிறகுதான் அவர் தண்ணீர் அள்ளிக் குளித்தார் என்று அம்மா சொன்னா. எனக்கும் அவரைத் தெரியும். அந்தக் கஞ்சியை நானும் குடித்திருக்கிறேன்.

“அவாவின்ரை பேர் என்ன அம்மம்மா?” என்று மூத்தவள் கேட்டாள்.

அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஒரு பட்டப்பெயரால்தான் கூப்பிட்டோம், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், அந்தப் பட்டம் இந்த நேரம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மூத்தவள் விடவில்லை. அந்தக் காலத்தில் எங்களோடு இருந்தவர்களிடம் சைக்கிளில் போய்க் கேட்டாள். தேங்காய் யாவாரம் செய்கிற ஐயா ஒரு பெயர் சொன்னார், ஒழுங்கைக் கடைசி வீட்டு அன்ரி வேறொரு பெயர் சொன்னா. முகாமுக்குப் பிறகு எங்கே போனார் என்று இருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பெயரையும் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். நேற்றிரவு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து இரண்டையும் வாசித்துக் காட்டினாள். முதலாவதற்கு அம்மா தலையாட்டவில்லை. இரண்டாவதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னா.